வாயில் ஆணி இல்லாத நாள்

மனித குலத்தில் இதுவரை நடந்த குடும்பச் சண்டைகள், எல்லைத் தகராறுகள், பெரும்போர்கள் அத்தனைக்கும் மூல காரணம் ஒன்றுதான்: வாயில் ஆணி இல்லாமை. சோபாக்காரர் இதை விளையாட்டுக்குச் சொன்னவர் அல்லர். சாயங்காலம் வேலை முடிந்து, கடைசி ஆணியை உள்ளங்கையில் துப்பித் தகர டப்பாவில் போட்டு மூடி, வாயைக் கொப்பளித்துவிட்டு, எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சொல்வார். யாரும் இல்லாவிட்டால் சோபாவிடம் சொல்வார்.

"ராஜாக்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு பிடி ஆணிய வாயில அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா சரித்திரப் புத்தகம் நாலு பக்கத்துல முடிஞ்சிருக்கும். பசங்களும் பாஸ் ஆகியிருப்பானுங்க."

அவர் வேலை அப்படி. மரச்சட்டத்தில் பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும். அதன்மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேல் சாக்குத்துணி, அதற்கும் மேல் பஞ்சு, கடைசியாக ரெக்சின். ஒவ்வொரு அடுக்குக்கும் ஆணி. ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கையில் சுத்தியல். ஆணி எடுக்க மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை, வாயைக் கொடுத்தார். காலையில் ஒரு பிடி கறுப்பு ஆணிகளைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குக் கொண்டுவரும். சுத்தியலின் காந்த முனை முத்தம் வாங்குவது போல உதட்டைத் தொட்டு ஆணியை எடுத்துக்கொள்ளும். நிற்க வைக்க ஒரு தட்டு. இறக்க ஒரு தட்டு.

இடையில் பேச முடியாது. வந்தவர்கள் எத்தனை நாளாகும் என்று கேட்டால் புருவத்தால் பதில் சொல்வார். சீக்கிரம் வேண்டும் என்றால் இரண்டு புருவமும் ஏறும். தெருவில் அவருக்கு ஆணிவாய் என்று பெயர் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். அவர் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார். ஊரில் ரகசியம் தங்கக்கூடிய ஒரே வாய் தன்னுடையதுதான் என்று நம்பினார். சாயங்காலத்துப் பேச்சை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவருடைய தம்பியும் அதே பட்டறையில் மீசை முளைக்கும் முன்பே வேலைக்கு உட்கார்ந்தவன். ஒருமுறை வாயில் ஆணியோடு தும்மி, ஒன்றை விழுங்கிவிட்டான். அண்ணி அவனுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டி, தினமும் கவலையோடு விசாரித்தாள். ஆணி ஒரு வழியாக வெளியே வந்தது. பயம் வெளியே வரவில்லை. வளர்ந்த பிறகு காற்றழுத்தத்தில் அடிக்கிற ஸ்டேப்ளர் கன் ஒன்றை வாங்கினான். ஒரு அமுக்கு அமுக்கினால் டப்பென்று கம்பிப் பின் இறங்கிவிடும். வாய் காலி. வேலை பார்த்துக்கொண்டே பாட்டுப் பாடினான், வந்தவர்களிடம் நலம் விசாரித்தான். தெரு அவனைத் துப்பாக்கி என்று கூப்பிட்டது.

"ஆணி துப்பத் தெரியாதவன் துப்பாக்கி வாங்கிட்டான்," என்றார் சோபாக்காரர். ஆனாலும் அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் ஒரு டப். கேட்பதற்குத் தாளம் மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பட்டறையின் பின் கொட்டகை எரிந்தது.

கொட்டகையில் பஞ்சும் பசையும் இருந்தன. ரெக்சினில் விழும் சுருக்கத்தை நீவி எடுக்க ஒரு இஸ்திரிப் பெட்டியும் இருந்தது. தீயை அணைக்கப் போன சோபாக்காரருக்கு இடது கை வெந்து, இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மறுநாள் காலை நனைந்த சாம்பலுக்கு நடுவில், உருகிப்போன இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி நின்றான். சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவது தினமும் அவன் வேலை. அரைத் தெரு வேடிக்கை பார்த்தது.

"புடுங்கினேன்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியல," என்றான். மூக்கை உறிஞ்சினான். "நானா இருக்கலாம்ணே."

சோபாக்காரர் கட்டுப் போட்ட கையோடு அவனைப் பார்த்தார். அப்போது அவர் வாயில் ஆணி இல்லை. இருந்தும் பேசவில்லை. பக்கத்து சைக்கிள் கடைக்காரர்தான், "விடுப்பா, வேணும்னு யார் செய்வா," என்றார். அதற்கு மட்டும் சோபாக்காரர் வாயைத் திறந்தார்.

"வெளிய போ."

தம்பி போனான். ரொம்ப தூரம் போகவில்லை. அண்ணனுக்கு நேர் எதிரே காலியாக இருந்த கடையை எடுத்தான். சினிமா தியேட்டரின் நாற்காலிகள் முழுவதும் புதுப்பிக்கும் வேலை, அண்ணன் வருஷக்கணக்காக எதிர்பார்த்திருந்த வேலை, அவனுக்குப் போயிற்று. இரண்டு விரல் மடங்காத ஆளால் பட்டையை இறுக்க முடியாது என்று தியேட்டர் மேனேஜர் யாரிடமோ சொன்னாராம்.

அன்றிலிருந்து சோபாக்காரர் பழி வாங்குவதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டார். பாதி எரிந்த சோபாச் சட்டம் ஒன்றைக் குப்பையில் போடாமல், தம்பி கடையைப் பார்த்த மாதிரி வாசலில் நிறுத்தினார். எதிர்க்கடைக்கு யாராவது வந்தால் வெற்றுப் பலகையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். தம்பி என்ன பேசினாலும் வந்தவர்களுக்குக் காது கேட்காது. ஒரு நாள் தம்பியே தெருவைத் தாண்டி வந்தான். கையில் தியேட்டர் நாற்காலி ஒன்று.

"அண்ணே, இந்த மூலை மடிப்பு எனக்கு வரமாட்டேங்குது. ஒரு தடவை பாரேன்."

சோபாக்காரர் பார்த்தார். மடிப்பு உள்பக்கமாகப் போக வேண்டும், இவன் வெளிப்பக்கம் மடித்திருந்தான். அதைப் பார்த்ததும் அவர் விரல்கள் தானாக நீண்டன, மடங்காத இரண்டும் சேர்ந்து. அவற்றை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாக்கால் ஒரு ஆணியைப் புரட்டி, தம்பியின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் துப்பினார்.

"பதில் சொல்லிட்டாரு," என்றான் தம்பி வேடிக்கை பார்த்தவர்களிடம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்த வாரம் சோபாக்காரர் வக்கீலைத் தேடிப் போனார்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. ஆட்கள் உட்கார ஒரு நாற்காலி. அதன் பட்டை தொங்கிப்போய், உட்கார்ந்தவர் முழங்கால் மோவாய்க்கு வந்தது. சோபாக்காரர் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதுல உக்கார வெச்சா எவன்தான் உண்மைய சொல்லுவான்?"

"அதுல உக்காந்தா ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க, அதுக்குத்தான்," என்றாள் வக்கீலம்மா. அவள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லணும். உங்களுக்குக் கெடுதலா இருக்கறத முதல்ல சொல்லுங்க."

"வெளிய போகாதே?"

"நீங்க இங்க சொல்றது உங்க சொத்து. நான் வெறும் காவக்காரி. நீதிபதியே கேட்டாலும் நான் திறக்கக் கூடாது. சாவி உங்ககிட்டதான். நீங்களா திறந்தாத்தான் உண்டு."

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. கேட்டுக்கங்க. கூண்டுல ஏறி, 'நான் வக்கீல்கிட்ட இப்படிச் சொன்னேன், வக்கீல் அப்படிச் சொன்னாங்க'ன்னு வாயத் திறந்தீங்கன்னா முடிஞ்சுது. உங்களுக்கு வேண்டிய பாதிய மட்டும் காட்டிட்டு மீதிய மூட முடியாது. எதிர்த்தரப்பு கதவுல கால வெச்சுடும். 'வேற என்ன சொன்னீங்க'ன்னு கேப்பாங்க, நீங்க சொல்லியாகணும்."

சோபாக்காரர் சிரித்தார். அவருக்கு அந்த மாதத்தில் வந்த முதல் சிரிப்பு அது. "நாள் முழுக்க வாயில ஆணி வெச்சுப் பொழைக்கறவன்கிட்ட சொல்றீங்களே."

"கூண்டுக்குள்ள ஆணி கொண்டுபோக விடமாட்டாங்க," என்றாள் அவள், ஒரு சுளையை வாயில் போட்டபடி.

யாரிடமும் சொல்லாததை அவர் அந்தத் தொங்கல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். பூட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் வந்த தைரியம் அது. தீப்பிடித்த அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் கடையை மூடிய பிறகு, மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்க அவர் மட்டும் திரும்பிப் போனார். கொட்டகையில் தம்பி நீவி முடித்திருந்த ரெக்சினைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சுருக்கம், மயிரிழை அளவு. வேறு எவனும் அதைப் பார்த்திருக்க மாட்டான். அவரால் விட முடியவில்லை. பிடுங்கிக் கிடந்த பிளக்கைச் சொருகினார். பாதி நீவும்போது மழையில் மின்சாரம் போயிற்று. பிளக்கைப் பிடுங்காமல் பெட்டியை அப்படியே ரெக்சின்மேல் வைத்துவிட்டு, இருட்டில் தட்டுத் தடுமாறி வீட்டுக்குப் போனார். அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் திரும்பி வந்தது.

வக்கீலம்மா உரிப்பதை நிறுத்தினாள். "அப்போ தீக்குக் காரணம் யாரு?"

சோபாக்காரர் அதற்கும் பதில் சொன்னார். மேசையைப் பார்த்துக்கொண்டு, சன்னமாகச் சொன்னார்.

"சமாதானமா போயிடுங்க," என்றாள் அவள்.

"முடியாது."

"உங்க தம்பிதானே?"

"அதனாலதான் முடியாது. வேற எவனோ எதிர்ல கடை போட்டா நான் எதுக்கு இங்க வரப்போறேன்? நஷ்டஈடு கட்டியே நொடிச்சுப்போய் அவன் ஷட்டர இறக்கணும். கடைசித் தடவையா இறக்கணும். அந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும்."

வக்கீலம்மா ஆரஞ்சுத் தோலைக் கூட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். "பிளக்க புடுங்கிட்டு, பூட்டற வரைக்கும் பாத்துட்டுப் போறது அவர் பொறுப்பு. அவரே ஊர் முன்னால ஒத்துக்கிட்டாரு. இத மட்டும்தான் நான் பேசுவேன். நீங்க திரும்பிப் போனீங்களான்னு கேட்டா பொய் சொல்லக் கூடாது. சொன்னா அங்கயே எழுந்து போயிடுவேன். அவங்களுக்குத் தெரியாது, கேக்க மாட்டாங்க. நீங்களா போய்ச் சொல்லாம இருந்தா போதும்."

"வாயில்லாப் பிராணின்னு நினைச்சுக்கங்க."

"பாப்போம்," என்றாள் அவள்.

வீட்டில் சோபாக்காரரின் பழி சாப்பாட்டு மேசையில்தான் ருசியாக நடந்தது. தட்டு வைத்த உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தம்பியின் குரலை எடுப்பார்.

"நானா இருக்கலாம்ணேஏஏ..." ஒரு வாய் சாப்பிடுவார். "எவனாவது இப்படி நாலு பேர் முன்னால வாயத் திறப்பானா? இவனெல்லாம் ஒரு ஆம்பள. நானா இருக்கலாம்ணே..."

மனைவி அவித்த முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள். இன்னொன்றை உரித்து, பழக்க தோஷத்தில் ஓரத்தில் தனியாக வைத்தாள். கொழுந்தனாரின் இடம் அது.

"தினமும் இதையே சொல்லித்தான் சோறு இறங்குது உங்களுக்கு. உப்பு போதுமான்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"உன் கொழுந்தன் கூண்டுக்கு எதிர்ல உக்காந்து இதக் கேக்கணும். சைக்கிள் கடைக்காரர் சாட்சி சொல்லப் போறாரு. 'நானா இருக்கலாம்'னு இவன் சொன்னத அவர் வாயாலயே சொல்லுவாரு. அதோட துப்பாக்கி துருப்பிடிச்சுது."

"பாவம், அவனுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையோ என்னவோ."

"நீ அவன் பக்கமா?"

"நான் அடுப்புப் பக்கம்." அவள் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, எதையோ தேடுகிறவள் மாதிரி சொன்னாள்: "ஏங்க, அன்னைக்கு நீங்க கண்ணாடிய எடுக்கத் திரும்பிப் போனீங்களே. அப்போ பெட்டி சூடா இருந்துச்சா, ஆறிப்போயிருந்துச்சா?"

சோபாக்காரர் எழுந்தார். அலமாரியில் இருந்த தகர டப்பாவைத் திறந்தார். சாப்பாட்டுக்கு நடுவில், பாதி முட்டை தட்டில் கிடக்க, ஒரு ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மனைவி அவரையே பார்த்தாள். மிச்ச முட்டையைக் கிண்ணத்தால் மூடி வைத்தாள்.

விசாரணை நாளன்று மழை விட்டு வெயில் அடித்தது. நீதிமன்ற வாசலில் இருந்த காவலர் சோபாக்காரரின் சட்டைப் பையைத் தடவி, காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"என்னய்யா இது?"

"என் வாய்."

"போறப்ப வாங்கிக்கோ," என்று காவலர் பொட்டலத்தைத் தன் மேசையில் வைத்துவிட்டார்.

உள்ளே இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றியது. நீதிபதியின் நாற்காலியில் இடப்பக்க ஸ்பிரிங் உடைந்திருந்ததைச் சோபாக்காரர் ஏறும்போதே கவனித்தார். நீதி கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் தட்டச்சுக்காரர். பெஞ்சில் தம்பி, தலையை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். காலரில் ஒரு சுருக்கம். அவனுக்குப் பின்னால், யார் பக்கத்திலும் சேராமல், அவர் மனைவி.

சைக்கிள் கடைக்காரர் முதலில் சாட்சி சொல்லிவிட்டு இறங்கினார். வக்கீலம்மா கேட்ட கேள்விகளுக்குச் சோபாக்காரர் அளந்து பதில் சொன்னார். பிளக்கைப் பிடுங்குவது யார் வேலை? தம்பி வேலை. கை என்ன ஆயிற்று? இதோ. விரல்களைத் தூக்கிக் காட்டினார். நீதிபதி எட்டிப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. அவருக்கு ஷட்டர் இறங்கும் சத்தம் இப்போதே கேட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கருப்புக் கோட்டு அவரைவிட வயதானது. கோபமே படாமல் கேட்டார்.

"ஐயா, தீ பிடிச்சப்ப நீங்க யார்கிட்டயும் புகார் கொடுக்கல. எதிர்ல கடை வந்து, தியேட்டர் வேலையும் அங்க போனப்புறம்தான் வழக்கு. வயித்தெரிச்சல்தானே?"

"இல்ல."

"எரிஞ்சது கொட்டகையா, வயிறா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சோபாக்காரரின் நாக்கு கன்னத்தில் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

"இல்லைங்கறேன்."

"தம்பிமேல தப்பில்லைன்னு உங்களுக்கே தெரியும். உங்க வக்கீல்தான் சொல்லிக் கொடுத்து..."

"யாரு? எனக்கா சொல்லிக் கொடுக்கணும்?" சோபாக்காரரின் குரல் சாயங்காலக் குரலாக மாறியது. "வக்கீலம்மா ரூம்ல உக்காந்து நடந்தது அத்தனையும் ஒண்ணு விடாம நானே சொன்னேன். கேட்டுட்டு அந்தம்மாவே, 'தப்பு முழுக்க உங்க தம்பி மேலதான், பூரா நியாயம் உங்க பக்கம்'னு சொன்னாங்க. வேணும்னா இங்கதானே இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு எழுந்து, வக்கீலுக்கும் அவரிடம் வந்தவருக்கும் இடையிலான பேச்சு அது, அதற்குள் யாரும் போக முடியாது என்றாள். குரல் சரியாக இருந்தது. முகத்தில் மட்டும் தொங்கல் நாற்காலியில் உட்கார்ந்தவளின் களை.

"நானா போகலையே," என்றார் சின்ன வக்கீல். "அவரே கதவத் திறந்து கூப்பிட்டாரு."

நீதிபதி நிமிர்ந்தார். ஸ்பிரிங் கிரீச்சிட்டது. "ஐயா, நீங்க பேசாம இருந்திருந்தா நானே கேட்டிருக்க முடியாது. உங்க கட்சிக்குத் தூண் மாதிரி அந்தப் பேச்ச நிறுத்தியிருக்கீங்க. தூண் நிஜமா, மூங்கிலான்னு அவங்க தட்டிப் பாக்கலாம். வக்கீல் சார், அவர் சாட்சியம் சொன்ன அந்த விஷயத்த மட்டும் கேளுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"ஒரே கேள்விதான். தீக்கு யார் காரணம்னு உங்க வக்கீல்கிட்ட என்ன சொன்னீங்க?"

மின்விசிறி சுற்றியது. சோபாக்காரர் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பொய் வந்தால் எழுந்து போவதற்கு அது போதும். மனைவியைப் பார்த்தார். அவள் முட்டையை உரிக்கும்போது பார்க்கிற மாதிரி, அவசரம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய், ஒரே ஒரு பொய். 'அவன்தான்னு சொன்னேன்.' எதிர் ஷட்டர் இறங்கிவிடும். அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் பெஞ்சில் இருந்து தம்பி எழுந்தான்.

"ஐயா, அவர இப்படிக் குடையாதீங்க. பிளக்க நான்தான் புடுங்காம விட்டிருப்பேன். நான் அன்னைக்கே சொல்லிட்டேனே. கடைய வேணா மூடிடறேன், அண்ணன கீழ இறக்கி விடுங்க."

"உக்காருப்பா," என்றார் நீதிபதி. சின்ன வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சோபாக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இங்கேயும் வந்துவிட்டான். அவர் தொண்டையில் நிற்கிற வார்த்தையை அவன் பெஞ்சில் இருந்தே எடுத்து, பின் அடிக்கிற மாதிரி ஒரே அமுக்கில் அடித்துவிட்டு, நல்லவனாக உட்கார்ந்துவிட்டான். தியேட்டரை எடுத்தான், தெருவை எடுத்தான். இப்போது இதையும் எடுக்கிறான். இவன் செய்யாத தப்புக்கு இவன் ஷட்டரை இறக்கினால், அந்தச் சத்தத்தை அண்ணன் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைவிடக் கொடுமையாக எவன் பழி வாங்க முடியும்? விடக் கூடாது. இவனுக்கு அந்தப் பெருமையைத் தரவே கூடாது.

"சொல்லுங்க," என்றார் நீதிபதி. "வக்கீல்கிட்ட என்ன சொன்னீங்க?"

சோபாக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். உதடு அசைந்தது.

"கேக்கல," என்றார் தட்டச்சுக்காரர், விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி.

"நானா இருக்கலாம்னு சொன்னேன்."

சாப்பாட்டு மேசையில் எத்தனையோ நாள் எடுத்துப் பழகிய குரல். இன்று யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் தம்பி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணனைப் பார்த்தான்.

தட்டச்சு இயந்திரம் அதை அடிக்கத் தொடங்கியது. டப், டப், டப். நிற்க வைக்க ஒரு தட்டு, இறக்க ஒரு தட்டு என்றெல்லாம் இல்லை; ஒவ்வொன்றும் ஒரே தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.